நூல் அறாத நாட்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் பழையபடிதான்.

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. புதுப் பொறுப்பு, உனக்குக் கீழே பன்னிரண்டு பேர், திங்கட்கிழமைதோறும் ரிஜெக்ட் ஆன பேட்ச்களை மேஜையில் போட்டு அலசியும் காரணம் பிடிபடவில்லை என்றாய். எங்கள் மில்லிலும் இதே கூத்து நடந்தது. உன்னிடம் சொன்னதில்லை.

நான் ஸ்பின்னிங்கில் சூப்பர்வைசர் ஆன வருஷம். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அதிகம் அறுந்த ஷிப்டுகளின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மாஸ்டரும் நானும் பஞ்சைச் சந்தேகப்பட்டோம், நூல் ஓடும் டிராவலர் என்ற சின்ன வளையத்தை மாற்றினோம், கடைசியில் ஆட்களைத் திட்டினோம். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனிக்கும் அக்கா ஒருத்தர், நூலை ஒட்டிக்கொண்டே, தலைகூட நிமிராமல் சொன்னார்: "மழ பேஞ்ச அன்னிக்கு இப்படி அறுகறதில்லீங்க."

அன்று ராத்திரிதான் நூல் அறாத நாட்களின் ரிப்போர்ட்டை முதல்முறையாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஈரக்காற்று அடித்த நாட்கள். காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூல் வலு இழக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஈரப்பதம் காட்டும் தெர்மாமீட்டர் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், காற்றை ஈரமாக்கத் தண்ணீர் தெளிக்கும் நாசில்களில் பாதி அடைத்துக் கிடந்தது.

மில்லில் நூல் அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் அப்படி முடியாது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறி, ஏழு பேர் போனார்கள். ராக்கெட் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிட்டது. முந்தின இரவு போனில் கூட்டம். ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் இந்தக் குளிரில் வேண்டாம் என்று மன்றாடத்தான் செய்தார்கள். ஆனால் பேச்செல்லாம் அதற்கு முன் வளையம் சேதமான ஏழு பயணங்களைச் சுற்றியே ஓடியது. 12 டிகிரியிலும் சேதம், 24 டிகிரியிலும் சேதம், அப்புறம் குளிர்மேல் எப்படிப் பழி போடுவது? சேதமில்லாமல் முடிந்த பயணங்களையும் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். அத்தனையும் 18 டிகிரிக்கு மேல். அதற்குக் கீழே போன நாலிலும் சேதம். மறுநாள் கிளம்பும்போது வெறும் 2 டிகிரி, ஏவுதளத்தில் ஐஸ் தொங்கியது.

சரி, அடுத்த திங்கட்கிழமை நல்லபடியாகப் போன பேட்ச்களின் தாளையும் எடுத்துவரச் சொல். கூட்டத்தில் நீ முதலில் வாய் திறக்காதே. மேடம் ஒன்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். கூட்டத்துக்கே வராதவர்களை மெஷின் பக்கத்தில் போய் நின்று கேள். அந்த அக்கா நான் திட்டிய ஆட்களில் ஒருத்தர்.

அம்மா பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் போன் பண்ணு. அந்தத் தாளில் என்ன இருந்தது என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா