சுவரோரம் சாய்த்த கற்களை இருந்த இடத்திலேயே நாட்டுங்கள்: சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் அவர்களுக்கும் நம் ஆலயத்தை நிர்வகிக்கும் சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தின் வடமூலையில் நடந்த வேலையை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானம் போட்டதும் ஜேசிபிக்குப் பேசியதும் நீங்கள்தான். பேவர் பிளாக் பாதைக்காகப் பழைய குடும்ப வரிசைகளிலிருந்து 41 கற்களைப் பிடுங்கி, மதிலோரம் சாய்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, வெள்ளை எனாமல் அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்பும் ஏற்றியாகிவிட்டது. பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கற்களை அவை நின்ற இடத்திலேயே திரும்ப நாட்டுங்கள். மிச்சம் நிற்பவற்றைப் பதிவு செய்து முடிக்கும்வரை தொடாதீர்கள்.

"கல் பத்திரமாக இருக்கிறதே, எங்கே இருந்தால் என்ன?" என்று கேட்கிறீர்கள். கல்லில் எழுதியிருப்பது பாதிச் செய்திதான். மீதி, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் பேரனுக்குத் தாத்தா பெயரை இடுவார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். எடுத்துக்காட்டாக, ஞானமுத்து மகன் தேவசகாயம். அவருடைய மகனுக்குத் தாத்தா பெயர், ஞானமுத்து. அந்த ஞானமுத்துவின் மகன் மறுபடியும் தேவசகாயம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயரும் ஒன்று, தகப்பன் பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று. யார் தாத்தா, யார் பேரன் என்பதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியும் கால்மாட்டில் இருக்கும் குழந்தைகளும்தான் சொல்ல வேண்டும்.

மதிலோரம் இப்போது அப்படி ஒரே பெயரில் இரண்டு கற்கள் நிற்கின்றன. ஒன்று கருங்கல், தாத்தாவுடையது. அதில் வெட்டியிருந்தது "1052 ஆடி". அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டின் ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை மலையாளத்து ஆட்சியோடு இருந்த ஊர் நம்முடையது. பழைய கற்களில் கொல்லம் ஆண்டு இருப்பதில் அதிசயமில்லை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐ. ஆக, அந்தக் கல்லின் காலம் 1877. பெயின்டருக்கு 1052 என்ற ஆண்டு ஏதோ பிழையாகத் தோன்றியிருக்கிறது. யாரைக் கேட்டாரோ, பூஜ்யத்தை 9 ஆக்கி 1952 என்று "சரி" செய்துவிட்டார்.

மற்றது சலவைக்கல், பேரனுடையது. எழுத்துப் பள்ளத்தில் ஈயத்தை அடித்து இறுக்கிய பழைய வேலை. சலவைக்கல் சுண்ணாம்பு இனம். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். ஈயத்தைப் பிடித்திருந்த ஓரம் கரைந்ததும் எழுத்து உதிரும். தேதி இருந்த வரி முழுவதும் அப்படித்தான் போனது. ஈயத்தைப் பிடிக்கப் போட்ட சின்னத் துளைகள் மட்டுமாவது மிஞ்சியிருந்தால், அவற்றின் அமைப்பை வைத்து எந்த எண் என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தத் துளைகளையும் எனாமல் அடைத்துவிட்டது. பேரன் இறந்தது ஐம்பதுகளில் என்று குடும்பத்தில் சொல்வார்கள். இனி அந்தச் சுவரைப் பார்க்கிற எவரும் தாத்தாவின் கல்லைப் பேரனுடையது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போகும்.

தாத்தாவின் மனைவி அவர் இறந்த அதே 1877இல் இறந்தவர். அவர் கல்லில் ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தது: ௧௮௭௭. அதைக் க, அ, எ, எ என்று படித்து, நடுவில் புள்ளியும் வைத்து "க. அ. எ. எ." என்று எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை இன்னார் பெண்சாதி என்றே அறியப்பட்டவருக்கு இத்தனை காலம் கழித்து நான்கு இனிஷியல் கிடைத்திருக்கிறது. கமிட்டிக்கு நன்றி.

பெயின்டரைக் குறை சொல்லவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களையே அவர் பார்த்திருக்க மாட்டார்; புள்ளி வைக்காமல் வெட்டிய மெய்யெழுத்தை எப்படிப் படிப்பார்? படிக்கத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தாதது யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. பாதைக்குப் பணம் கொடுத்தவர்களின் பளபளப்பான கிரானைட் பலகையைப் பாருங்கள். ஒரு இனிஷியல் தவறவில்லை, ஒரு பட்டம் விடுபடவில்லை. வெட்டுவதற்கு முன் எத்தனை முறை சரிபார்த்தீர்கள்? சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை 1905இலேயே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி தொகுத்து அச்சிட்டார். பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். அவர்களுக்காக 1976 முதல் லண்டனில் ஒரு சங்கமே இயங்குகிறது. நம்மவர்களுக்கு இருந்தது அந்த வடமூலைதான். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததை ஒவ்வொரு பண்டிகையிலும் மேடையில் சொல்கிறோம். அந்தச் சபைகளில் சேர்ந்த குடும்பங்களின் பெயர் எழுதிய கல்லுக்கு மட்டும் மதிலோரம்.

கோபத்தில் விலகிப் போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். எப்படித் திரும்ப நாட்டுவது என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் காலம் கடத்த முடியாது. கல் பிடுங்கிய குழிகளில் பாதிக்கு மேல் இன்னும் பேவர் பிளாக் விழவில்லை. குழியின் அகல நீளத்தையும் கல்லின் அடிப்பாக அளவையும் ஒப்பிடலாம். அடியில் ஒட்டியுள்ள மண் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவே பழைய ஆழம். அந்த இடத்தையாவது கழுவாமல் விடுங்கள். இன்னொரு சாட்சி வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. நம் வீடுகளில் அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். அழுகிற முகங்களுக்குப் பின்னால் பக்கத்துக் கல்லறைகள் தெரியும். அந்தப் படங்களைச் சபையில் அறிவித்துக் கேட்டு வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடக்கப் பதிவேட்டையும் படமெடுக்க அனுமதியுங்கள். வெளியே கொண்டுபோக வேண்டாம், ஆலய அலுவலக மேசையிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

நாட்டும்போது சிமென்ட் கான்கிரீட் வேண்டாம். நெட்டுக் கல்லானால் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், சுற்றிலும் சரளையும் மணலும் இறுக்க வேண்டும். மேடை கட்டிய கல்லறைக்குச் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று என்ற கலவை. சிமென்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்து, பழைய சாந்தைப் பொரிய வைக்கும். எனாமலும் அதையே செய்யும். அதை எடுக்கிறேன் என்று யாரும் கிரைண்டரோ கம்பி பிரஷோ கொண்டுவர வேண்டாம். கல் பராமரிப்பு தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

இன்னும் நிற்கும் கற்களுக்கு ஒரு கல்லுக்கு இரண்டு பேர், கால் மணி நேரம் போதும். வெறும் தண்ணீர், மென்மையான நார் பிரஷ், கீழிருந்து மேலாகக் கழுவுதல். பாசிக்கு மூங்கில் குச்சி. எழுத்தைத் தெளிவாக்கச் சாக்பீஸோ மாவோ தேய்க்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலையில், சாய்வான வெயிலில் எழுத்து தானாக எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு ஆள் உயரக் கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் போதும். கல்லைத் தனியாக ஒரு படம், அக்கம்பக்கத்தோடு ஒரு படம். எழுத்தைப் படியெடுக்கும்போது உள்ளது உள்ளபடி, பிழையோடு, வரிக்கு வரி. ஆண்டை மாற்றி எழுதுவதானால் பக்கத்தில் தனியாக. செல்போன் காட்டும் ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் நம்ப முடியாது. அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், கல்லறையின் அகலமோ ஒரு மீட்டர்தான். மதில் மூலை, கிணற்று விளிம்பு போன்ற நகராத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து அளக்க வேண்டும்.

41 கற்களையும் பிடுங்குவதற்கு முன் இதைச் செய்திருந்தால் இரண்டு நாள் வேலை. ஜேசிபி வாடகைக்கு முன்னால் செலவு ஒன்றுமேயில்லை.

ஆகவே மறுபடியும் தாழ்மையாகக் கேட்கிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, பாதை வேலையை வடமூலையில் மட்டும் நிறுத்தி, கற்களை இருந்த இடத்திலேயே நாட்டத் தீர்மானம் போடுங்கள். டேப்பும் குறிப்பேடுமாக நாங்கள் வருகிறோம். கூலி கேட்கவில்லை. கேட் சாவி மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
வடமூலைக் குடும்ப வரிசைகளைப் பதிவு செய்துவரும் குழுவினர்

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டு 1952ஐ மறுபடி 1052 ஆக்கப் பெயின்டரை அனுப்ப வேண்டாம். அடியில் வெட்டிய பூஜ்யம் இன்னும் இருக்கிறது.