ஊதச் சொல்லும் ஐயாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுச் சாலைகளில் இரவு வண்டிச் சோதனை செய்யும் காவல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியில் நான்கு வண்டிகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அப்படி ஒருவன் என் வண்டியில் ஏறினால் சாவியைப் பிடுங்கும் முதல் ஆள் நான்தான்.

போன வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தி பலமானது. சாப்பாடு செரிக்கவில்லை என்று எங்கள் டிரைவர் திராட்சாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தை இரண்டு மூடி குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் சோதனை. ஊதினார், மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவி 42 என்றது. சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். "அரிஷ்டம்தாங்கய்யா" என்றிருக்கிறார். "எல்லாரும் இதத்தான்யா சொல்றீங்க" என்று பதில். அதுவும் நிஜம்தான், எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் கருவி ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சில் உள்ளதைப் போல 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நுரையீரலிலிருந்து வரும் மூச்சுக்குத்தான் அந்தக் கணக்குச் சரி. நொதிக்கவைத்துச் செய்யும் அரிஷ்டத்தில் ஆல்கஹால் இயல்பாகவே உண்டு. அது வாயில் ஒட்டியிருக்கும்போது ஊதினால் எண் எகிறும். வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் வாயில் ஒட்டியது போய்விடும். நிஜமாகவே குடித்தவனுக்கு அதற்குள் எண் ஓடிப்போய்விடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவே ஒரு முறையோ பல முறையோ ஊதச் சொல்லலாம் என்கிறது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது 202. ரத்தப் பரிசோதனைக்கு 204 இருக்கிறது. எங்கள் ஆளுக்கு இரண்டாவது ஊதலே கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கோர்ட்டுக்கு நடையாய் நடந்தால் பிழைப்புப் போய்விடும் என்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டிவிட்டார். பணம் போனால் போகட்டும். இனி ஒருமுறை இப்படி மாட்டினால் அது இரண்டாவது குற்றம். 15,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டு வருடம் வரை ஜெயில், இரண்டும்கூட வரலாம். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர் அவர்.

நாங்கள் கேட்பது ஒரு வாய்த் தண்ணீர், கால் மணி நேரம், மறுபடி ஓர் ஊதல். இரண்டு எண்களும் நேரத்தோடு அச்சாகி, கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியோடு ஓட்டுநர் கைக்கும் ஒரு சீட்டு வரட்டும். அதன்பிறகும் 30-ஐத் தாண்டினால் கேஸ் போடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன்.

ஆடி முடிந்ததும் ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிடும். அதற்குள் ஒரு சுற்றறிக்கை வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாடகை வண்டிக்காரன்