பழைய ராலே சைக்கிள்கள் மறுபடி ஓடின: நன்றி மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார மக்களுக்கு எங்கள் சைக்கிள் கழகத்தின் வணக்கம்.

கழக வரலாற்றுக் கண்காட்சிக்காகக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த, இங்கிலாந்துத் தயாரிப்பான நான்கு ராலே சைக்கிள்களை வெளியே எடுத்தோம். சாயம் பூசி நிறுத்தினாலே போதும் என்றார்கள் சிலர். ஓடாத சைக்கிளை வைத்து என்ன வரலாறு சொல்வது? மூன்று ஓடின, உங்களால்.

முதல் நன்றி பட்டணத்துச் சைக்கிள் கடைத் தவுக்கேவுக்கு, அதாவது கடை முதலாளிக்கு. பெடலைத் தாங்கும் கிராங்குத் தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல், அதை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின்னைத் தட்டினால், அடி முழுவதும் அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகளில் இறங்கி, அவை உட்காரும் கிண்ணத்தில் குழி விழும், பின்னும் வளையும். அவர் முதல்நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்தார். தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைத் தரைக்கும் கிராங்குக்கும் நடுவே சரியாக நிற்கும்படி அறுத்துக்கொண்டார். நட்டைக் கழற்றிவிடாமல் பின்னின் நுனியோடு சமமாக நிறுத்தி, ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் நுனி நசுங்கி விரிந்து, பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். ராலேவுக்கு 9.5 மில்லிமீட்டர் பின். 9 மில்லிமீட்டர் பின் அளவுக்கு மீறி உள்ளே போய்விடும், பெடல் ஆடும். இரண்டு பின்னையும் எதிரெதிராக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் நேராக நிற்கா. கிண்ணத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11, புது கிரீஸ். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு அடியில் போட்டிருந்த பழைய சக்கரங்களைத் தந்த குடும்பங்களுக்கும் நன்றி. முன்னால் 32 கம்பி, பின்னால் 40 என்பதால் இன்றைய 36 துளை ரிம் இதற்கு உதவாது. டயரும் அப்படித்தான்: 28-க்கு ஒன்றரை அங்குல டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், இப்போதைய 700 டயருக்கு 622. 13 மில்லிமீட்டரை இழுத்துப் பிடித்து மாட்ட முடியாது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் இருந்தபோது வைத்த சோதனைச் சாவடிகளைப் பற்றிப் பேசிய பாட்டிமார்களை மறக்க முடியுமா? 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களின் சைக்கிளில் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் கெரில்லாக்களுக்குக் கொண்டுபோகும் அரிசி இருக்கிறதா என்று சாவடிக் காவலர்கள் பார்த்தார்களாம். அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் கண்காட்சி சைக்கிளின் சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

சைக்கிள்களை ஓட்டிப் பார்க்கச் செம்பனைத் தோட்டப் பாதையைத் திறந்துவிட்ட தோட்ட நிர்வாகத்துக்கும், மட்டைகளை ஒதுக்கிய இளைஞர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அப்படியும் ஐந்து பஞ்சர். மட்டை முள் டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், வெளியே தெரியாது. டியூப்பை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உள்பக்கம் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், முள் இருக்கும் இடத்தில் சிக்கும். விடியற்காலையில் பசியாற நாசி லெமாக் கட்டித் தந்த அம்மாமார்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கண்காட்சிக்குப் படங்கள் தந்தவர்கள் மாத இறுதிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது சைக்கிளுக்கு 40 துளைப் பின் ரிம் இன்னும் அகப்படவில்லை. யார் வீட்டுக் கோழிக்கூண்டு மேலாவது கிடந்தால் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
கழகச் செயற்குழுவினர்