துடைக்காத மை

அன்புள்ள தேவகி,

நாலு மாசமாகப் பதில் போடாதது தப்புதான். திட்டுவதெல்லாம் நேரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டான். விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வாரமாக ஒரு கொரியப் படம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீ ராத்திரி பகலாகப் பார்க்கிற சீரியல் வகை இல்லையடி. 1925-இல் பூசானில் சோசன் கினிமா கம்பெனி எடுத்த ஊமைப்படம், 'உன்யோங்ஜோன்'. இயக்கியவர் யுன் பெக்நாம். கதை அதற்கும் முன்னூறு வருஷம் பழசு. கொரிய அரசர் செஜோங்கின் மகன் அன்பியோங் பத்துப் பெண்களை அரண்மனைக்குள் வைத்துக் கவிதை கற்றுக்கொடுக்கிறார். வாசல் தாண்டினால் சாவு. வெளி ஆள் ஒருவனுக்கு அவர்கள் பெயர் தெரிந்தாலும் அவனுக்குச் சாவு. வெறும் பெயர், தேவகி!

அங்கே கிம் என்கிற இளம் புலவன் வருகிறான். அவன் எழுத, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான உன்யோங் பக்கத்தில் மைக்கல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு தெறித்து அவள் விரலில் விழுகிறது, ஈயின் இறக்கை மாதிரி. அவள் துடைக்கவில்லை. பெருமையாக நினைத்து அப்படியே வைத்துக்கொள்கிறாள். அப்புறம் சுவர் ஓட்டை வழியாகக் கடிதம். முடிவில் அவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள்.

அந்தப் படத்தில் பல்லக்குத் தூக்கியாகத் தலைகாட்டிய நா உன்கியுதான் அடுத்த வருஷம் 'அரிராங்' என்கிற பேர்போன கொரிய ஊமைப்படத்தை எடுத்தவர்.

ஆனால் படச்சுருள் இன்று இல்லை. 1934-இல் வந்த 'இளமையின் நாற்சந்தி' என்கிற கொரிய ஊமைப்படமே 2007-இல்தான் அகப்பட்டது. அதைத் திரையிடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுகிறார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் இப்படி ஒருவர் இருந்தார், பியோன்சா என்று பெயர். அந்த மைச்சொட்டு விழுந்த இடத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார்? கேமரா விரலுக்குக் கிட்டே போயிருக்குமா? இதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

உன் விரல்தான் கண்ணில் நிற்கிறது. ஹாஸ்டலில், நீ விரும்பியவர் கொடுத்த பேனா கசிந்த நீலக் கறையோடு மூணு நாள் திரிந்தாயே, சோப்புப் போடாமல். நானும் விசாலியும் சாப்பாட்டு ஹாலில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வாரம் உன் அண்ணன்கள் வந்து பெட்டியோடு கூட்டிப்போனார்கள். யார் வாயிலிருந்து போனது என்று நீ இன்றுவரை கேட்டதில்லை. நாங்கள் சிரித்த சிரிப்புதான் ஊர் வரைக்கும் போனது, தேவகி. மன்னித்துக்கொள்.

அந்தப் பேனா இன்னும் இருக்கிறதா? எழுது.

உன்,
கல்யாணி