உங்கள் கிடங்கிலிருந்து வந்த போலி பேட்டரி

நாள்: 20.09.2025
புதுக்கோட்டை

அனுப்புநர்:
திருமணப் புகைப்படக் கலைஞர்
(பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவை ஆர்டர் விவரத்தில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணைய விற்பனைத் தளம்

பொருள்: கேனான் பெயரில் போலி கேமரா பேட்டரிகளும், சான்டிஸ்க் பெயரில் போலி மெமரி கார்டும் விற்கப்பட்டது, பணத்தைத் திருப்பித் தருவதும் அதே சரக்கை வாங்கிய மற்றவர்களை எச்சரிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். “தங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது” என்று உங்கள் நிறுவனம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். புகார் தீர்க்கப்படவில்லை. முடித்துவைத்தது மட்டும் உண்மை.

கடந்த ஆடியில் உங்கள் தளத்தில் கேனான் எல்பி-இ6என்எச் பேட்டரி இரண்டும், சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றும் வாங்கினேன். மூன்றும் ஒரே விற்பனையாளருடையவை. எங்கள் தொழிலில் ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. லென்ஸைச் சுத்தம் செய்வது, ஃபிளாஷைப் பழுதுபார்ப்பது, தேய்ந்த பேட்டரிகளைக் கழித்துப் புதிது வாங்குவது எல்லாம் அப்போதுதான். ஆவணி பிறந்துவிட்டால் மண்டபம் மண்டபமாக ஓட வேண்டியிருக்கும். உங்கள் ‘திரும்பப் பெறும் காலம்’ ஏழு நாள். ஆடியில் வாங்கிய பொருளின் குணம் ஆவணியில்தான் தெரியவரும் என்பது கேமரா உபகரணம் விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாங்கும் எங்களில் பாதிப்பேருடைய நிலைமை இதுதான்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, “மிகக் குறைந்த விலையில் வாங்கினீர்களா?” என்று கேட்டார். இல்லை. திருச்சிக் கடையில் சொன்ன விலைக்கும் உங்கள் விலைக்கும் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம். கடையில் அன்று சரக்கு இல்லை. உங்கள் பக்கத்திலோ, பொருளின் பெயருக்குக் கீழே ‘எங்கள் கிடங்கிலிருந்து அனுப்பப்படுகிறது, தரம் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு விற்பனையாளரை நம்பி நான் பணம் கட்டவில்லை. அந்த வரியை நம்பித்தான் கட்டினேன்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்திலேயே பேட்டரி தன் வேலையைக் காட்டிவிட்டது. தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு, திரையில் முழு அளவு காட்டிக்கொண்டிருந்த என் கேமரா சட்டென்று அணைந்துபோனது. உதவியாளரிடம் இன்னொரு கேமரா இருந்ததால் அந்த நிமிடம் பதிவானது. என் மானமும் தப்பியது. கெட்டிமேளத்தை இன்னொரு முறை கொட்டச் சொல்லிப் பெண் வீட்டாரிடம் கேட்க முடியுமா?

அவசரமாக இரண்டாவது பேட்டரியைப் போட்டேன். பேட்டரியுடன் தொடர்புகொள்வதில் பிழை என்று திரையில் செய்தி வந்தது. கூடவே ஒரு கேள்வி: இந்த பேட்டரியில் கேனான் சின்னம் இருக்கிறதா? இருக்கிறது, ஐயா. பளிச்சென்று, அசலைவிடச் சற்றுத் தடித்த எழுத்தில் இருக்கிறது. அது அங்கே இருப்பதுதான் மோசடியே. அசல் பேட்டரிக்குள் ஒரு சிறு மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. கேமராவோடு பேசி, எவ்வளவு மின்சாரம் மிச்சம், பேட்டரி எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லும். எனக்கு வந்த இரண்டில் ஒன்று அந்தப் பேச்சைத் தப்பும் தவறுமாகப் பேசியது, மற்றொன்று வாயையே திறக்கவில்லை.

பிறகு முதலில் போட்டிருந்த பேட்டரியையே மறுபடியும் உள்ளே போட்டிருந்தேன். அன்று இரவு அதை வெளியே எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. உப்பிப்போய் கேமராவின் பேட்டரி அறைக்குள் இறுகியிருந்தது. நெம்பி எடுப்பது ஆபத்து என்பதால், மறுநாள் கேனானின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குக் கேமராவை எடுத்துச் சென்றேன். அவர்கள் பக்குவமாக எடுத்துக் கொடுத்து, அறையின் உள்ளே இருந்த பிடிப்பான் வளைந்திருந்ததையும் சரிசெய்து கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். இது அசல் பேட்டரி அல்ல என்று கைப்பட எழுதியும் தந்தார்கள். அந்தச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு, நான்கு வருடமாக உழைத்துவரும் என் பழைய அசல் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசலின் இரண்டு ஓடுகளும் சேரும் இடம் நகத்தால் தடவினால்கூடத் தெரியாது. உங்களுடையதில் பசை பிதுங்கிக் காய்ந்திருக்கிறது. அசல் ஏறத்தாழ 80 கிராம். எங்கள் தெருவில் நகைப்பட்டறை வைத்திருப்பவரின் தராசில், உப்பாத அந்த இரண்டாவது பேட்டரியை வைத்தோம்; 57 கிராம் காட்டியது. இந்த வகை பேட்டரிக்குள் எடையுள்ள பொருள் என்றால் லித்தியம் அயன் செல்கள்தான். எடை குறைந்தால் செல்லில் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே மட்டும் 7.2 வோல்ட், 2130 எம்ஏஎச் என்று அசலில் உள்ளதை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் இப்படிப்பட்ட பேட்டரிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் (பிஐஎஸ்) ஐஎஸ் 16046 என்ற தரத்தின்கீழ் கட்டாயம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் பேட்டரி மீதோ உறை மீதோ இருக்க வேண்டும். என் பேட்டரியில் ஓர் எண் இருந்தது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தேன். வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் கைபேசி சார்ஜருக்குரிய எண் வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால், இறக்குமதியாளரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, எந்த மாதம் எந்த ஆண்டு தயாரித்தது என்பதும் இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கைபேசியும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தது. ‘தரம் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிய உங்கள் ஊழியரிடம் அந்த ஐந்து நிமிடம் இல்லையா?

மெமரி கார்டைப் பற்றி நீட்டி எழுதவில்லை. பேட்டரியின் யோக்கியதை தெரிந்த பிறகு அதையும் சோதித்தேன். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் எஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 128 ஜிபி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கார்டில் ஏறத்தாழ 29 ஜிபிக்கு மேல் எழுதிய எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் எழுதும்போது கேமரா எந்தப் பிழையும் காட்டாது. எல்லாம் பதிவாகிவிட்டது என்றுதான் சொல்லும். என் கேமராவில் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி இருப்பதால் நான் பிழைத்தேன். ஒரே கார்டு போடும் கேமராவோடு தொழிலைத் தொடங்கியிருக்கும் ஒரு பையனிடம் இது போயிருந்தால், அடுத்த நாள் பெண்ணின் அப்பாவிடம் அவன் என்ன சொல்லியிருப்பான்?

இனி உங்கள் நிறுவனம் நடந்துகொண்ட விதம். முதல் பதில், திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது என்பது. இரண்டாவது, விற்பனையாளரின் விளக்கம்: நான் ‘பொருந்தாத கேமராவில்’ பயன்படுத்தினேனாம். என் கேமரா கேனான் இஓஎஸ் ஆர்6. அதன் பெட்டிக்குள் கேனானே வைத்துத் தருவது இந்த வகை பேட்டரியைத்தான். இதைச் சொன்ன பிறகு, பொருளை ஒப்படைத்தால் பணத்தைப் பரிசீலிப்பதாக மூன்றாவது பதில் வந்தது. பொருளை எடுத்துக்கொள்ள ஆளையும் அனுப்பினீர்கள்.

வந்த தம்பி உப்பிய பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதை மூட்டையில் போட்டுக்கொண்டு வெயிலில் போக முடியாது, வெடித்தால் என் கதி என்ன?” என்று கேட்டார். சரியான கேள்வி. உங்கள் நிறுவனத்தோடு எனக்கு இதுவரை நடந்த பேச்சில் விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான். அசல் பேட்டரியில் அளவுக்கு மீறி மின்சாரம் ஏறாமலும், சூடேறாமலும், ஷார்ட் சர்க்யூட் ஏற்படாமலும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று இருக்கும்; போலி செய்கிறவர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது அதில்தான். சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. அதைச் சாதாரணப் பொட்டலமாகக் கட்டி, இருசக்கர வண்டியில் அனுப்பச் சொல்கிறீர்கள். அந்தத் தம்பி எடுக்காமல் போனார். அன்று மாலை உங்கள் செயலியில் பதிவானது என்ன தெரியுமா? ‘வாடிக்கையாளர் பொருளைத் தர மறுத்தார், புகார் முடித்துவைக்கப்பட்டது.’

அந்த பேட்டரி இப்போது என் வீட்டு மொட்டைமாடியில், மணல் நிரப்பிய தகர டப்பாவில் இருக்கிறது. முறையான பாதுகாப்பு ஏற்பாட்டோடு ஆளை அனுப்பி, கையொப்பமிட்ட ரசீது தந்தால் எடுத்துக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் தர மாட்டேன். என் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான்.

‘நாங்கள் வெறும் இடைத்தரகுத் தளம், பொறுப்பு விற்பனையாளருடையது’ என்ற வரி உங்கள் எல்லா மின்னஞ்சலின் அடியிலும் வருகிறது. பொருள் இருந்தது உங்கள் கிடங்கில். கட்டியது உங்கள் பெட்டியில். ஒட்டிய நாடாவில் உங்கள் பெயர். பணம் வாங்கியது நீங்கள். உங்கள் பங்கை எடுத்துக்கொண்டதும் நீங்கள். பிறர் செய்ததற்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்ல இடைத்தரகுத் தளங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, விற்பனையில் தாமும் கைகோத்து நிற்கிற தளங்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் போலிக் காலணி தொடர்பான வழக்கொன்றில் விளக்கியிருக்கிறது. உங்கள் சட்டப் பிரிவுக்கு அந்தத் தீர்ப்பு தெரியாமல் இருக்காது.

ஒரே பொருளுக்குப் பல விற்பனையாளர்கள் அனுப்பும் சரக்கை ஒரே அலமாரியில் கலந்து வைக்கிறீர்களா என்பதற்கும் எனக்குப் பதில் வேண்டும். அப்படிக் கலந்தால், நேர்மையான விற்பனையாளரிடம் வாங்கியவருக்கும் போலி போகும். நேர்மையானவர் அனுப்பிய அசலைப் பெற்றவர் போட்ட ஐந்து நட்சத்திரமோ போலி விற்றவருக்கும் சேர்த்து ஒளிவீசும். படத்தோடு நான் எழுதிய மதிப்புரையை, அது ‘பொருளைப் பற்றியது அல்ல, விற்பனையாளரைப் பற்றியது’ என்று சொல்லி நீக்கிவிட்டீர்கள். பேட்டரி போலி என்பது பொருளைப் பற்றியது இல்லையென்றால் வேறு எதைப் பற்றியது?

நான் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்குத் தோன்றலாம். சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. போலியான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அங்கே ஏழு நாள் கணக்கு எதுவும் இல்லை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக நீங்கள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த முறை ‘முடித்துவைக்கப்பட்டது’ என்பதைத் தீர்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். மூன்று பொருட்களுக்கும் கொடுத்த பணம் முழுவதும், சேவை மையத்தில் நான் கட்டிய கட்டணமும் திரும்ப வர வேண்டும். அந்த விற்பனையாளரின் முழுப் பெயரும் முகவரியும் எனக்கு எழுத்தில் வேண்டும். உங்கள் பக்கத்தில் அவருடைய முகவரி என்ற இடத்தில் ஒரு ஊரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவரிடமிருந்து வந்த பேட்டரிச் சரக்கை உடனே விற்பனையிலிருந்து எடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே பேட்டரியை உங்களிடம் வாங்கிய ஒவ்வொருவருக்கும், “பயன்படுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள்” என்று செய்தி அனுப்புங்கள். யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறது. நான் ஒரு லென்ஸ் மூடி தேடினால் அடுத்த நிமிடமே பத்து லென்ஸ் மூடிகளை என் கைபேசியில் காட்டத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலை அல்ல. என் பணத்தை மட்டும் திருப்பித் தந்து வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தால், பணம் வந்த பிறகும் இந்தப் புகார் நிற்கும்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பிஐஎஸ் அமைப்புக்கும் கேனான் நிறுவனத்துக்கும் படங்களோடு தனியாக எழுதுகிறேன். இப்போது புரட்டாசி, எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பதில்லை. எனக்கு நேரம் நிறையவே இருக்கிறது.

பதிலைத் தானியங்கி உரையாடலில் அனுப்ப வேண்டாம். பொறுப்பான ஓர் அலுவலரின் பெயர், பதவி, கையொப்பத்தோடு எழுத்தில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, சேவை மையத்தின் சீட்டு, பேட்டரி மற்றும் உறையின் படங்கள், பிஐஎஸ் கேர் செயலித் திரையின் படம், மெமரி கார்டு சோதனை முடிவு, உங்கள் நிறுவனத்தின் பதில்கள்.