சரக்குத்தூளோடு கனடா போய் வந்தவளின் நன்றி மடல்

அயலட்டைக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போன நான் சுகமாக யாழ்ப்பாணம் கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தாயும் பிள்ளையும் நல்ல சுகம். பேரன் யாரைப் போல என்று எல்லாரும் கேட்கிறீர்கள். இப்போதைக்கு மருமகன் பக்கம்தான். சரி, அதை விடுவோம்.

“ஏன் அம்மா சுமக்கிறீங்கள், ஸ்காபரோவில எல்லாம் வாங்கலாம்” என்று மகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். போய்ப் பார்த்தேன், உண்மைதான். அங்குள்ள தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து ஒடியல் மா வரை கிடக்கிறது. என்றாலும் பிள்ளை பெற்ற உடம்புக்குக் கடைத்தூளில் கறி வைக்க எனக்கு மனம் வராது. ஆகவே சரக்குத்தூளை, அதாவது பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கும் தூளை, இங்கேயே அரைத்துக் கொண்டுபோனேன். முதல் நன்றி அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு.

பக்கத்து வீட்டு அக்கா வேர்க்கொம்பை (சுக்கை) ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து, பூச்சி அரித்ததை ஒதுக்கி, மிச்சத்தை இடித்துத் தந்தார். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, காகம் கலைத்தது அவருடைய பேத்தி. மில்லில் நின்ற தம்பி செய்ததை மறக்கவே மாட்டேன். எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள். அவர் மில்லைத் துடைத்து, ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவை வெளியே கொட்டிய பிறகுதான் எங்கள் சரக்கைப் போட்டார். செத்தல் காரம் பட்டால் பத்தியம் கெட்டுவிடும் என்று நான் வாய் திறக்க முதலே அவருக்குத் தெரிந்திருந்தது. சூட்டோடு கட்டினால் தூள் வேர்த்துக் கட்டிபடும் என்பதால் கடதாசியில் பரப்பி, நன்றாக ஆறவிட்டுப் பொதி செய்தோம்.

பருத்தித்துறை மச்சாள் தட்டை வடையைப் பால்மாப் பேணிக்குள் அடுக்கித் தந்தார். ஒன்றுகூட உடையவில்லை. சின்னம்மாவின் பயித்தம் பணியாரம் மருமகனிடம் மாட்டிக்கொண்டது; மகளுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க ஓட்டம். வான்காரத் தம்பி வவுனியா தாண்டி ஒரு தேத்தண்ணீர்க் கடையில் நிறுத்தினார். தம்பி பெண்சாதி வாழையிலையில் கட்டித் தந்த புட்டையும் இடிச்ச சம்பலையும் அங்கே பிரித்துச் சாப்பிட்டோம். விமான நிலையத்தில் ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் என்னோடு நிலத்தில் குந்தியிருந்து, வடைப் பேணிகளைக் கைப்பைக்கு மாற்றி, பெட்டியை அமர்த்திப் பூட்டித் தந்தார்.

டுபாயில் சக்கர நாற்காலி தள்ளிய மலையாளப் பிள்ளைக்கும் நன்றி. அவர் சொன்னது எனக்குப் பாதி விளங்கியது, நான் சொன்னது அவருக்கு முக்கால்வாசி. அங்கிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 14 மணித்தியாலம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வீங்கியது, அவ்வளவுதான்.

அப்புறம், எங்கள் ஒழுங்கை ரீச்சர். கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பட்டியல் போட்டு எழுதித் தந்தவர் அவர். கனடாவில் சாப்பாட்டுச் சாமானைக் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் 1,300 டொலர் வரை தண்டம் போடலாம். சுங்கத்தில் நின்ற பெண் பட்டியலை வாசித்தார், ஒரு பொதியைத் தூக்கி மணந்து பார்த்தார், தும்மினார், சிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். “ஒன்றும் சொல்லாதே, சீலைக்குள்ளே சுற்றி வை” என்று புத்தி சொன்னவர்களுக்கு மட்டும் இந்த மடலில் நன்றி கிடையாது.

மகளின் மாடிவீட்டில் மேலே குடியிருக்கும் நெடுந்தீவுக் குடும்பம் முருங்கையிலை தேடித் தந்தது. உறையவைத்த விளைமீனில், முழு உள்ளி போட்டுச் சரக்குக் கறி வைத்தேன். சின்ன வயதில் அந்தக் கறியைக் கண்டால் வீட்டுக் கோடிப்பக்கம் ஓடுகிற மகள், இப்போது குழம்பைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள்.

பால்மாப் பேணிகளை மச்சாளிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரீச்சர் எழுதிய பட்டியலும், பெட்டி நிறுக்கும் கைத்தராசும் என்னிடம் இருக்கின்றன. அடுத்ததாகப் போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து ஒரு அம்மம்மா