கோங் இளவரசர் மாளிகையை முழுசாகக் காட்டுங்கள்: பெய்ஜிங் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெய்ஜிங்கில் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகளே, வணக்கம்.

கோங் இளவரசர் மாளிகைக்கு எங்கள் குழுவை அழைத்துப் போனவர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நேரே அதன் தோட்டத்துக்கு நடந்தார். காங்ஷி பேரரசர் கைப்பட எழுதிய, 'அதிர்ஷ்டம்' என்று பொருள்படும் சீன எழுத்தைப் பொறித்த கல் அங்கே குன்றுக்கு அடியில் குகைக்குள் இருக்கிறது, அதற்கு நீண்ட வரிசை, அப்புறம் கடை, அப்புறம் பேருந்து. அந்தக் கல்லைப் பார்க்க வேண்டியதுதான், சரி. வீட்டை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

நான் பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். மேற்கு முற்றங்களின் கோடியில் ஷிஜின் ஜாய் என்றொரு கூடம். சியான்லொங் பேரரசரின் செல்லப்பிள்ளையாக இருந்த அமைச்சர் ஹெஷென், அரண்மனைக்குள் இருப்பதைப் பார்த்து அதேபோல விலை உயர்ந்த நான்மூ மரத்தில், அப்போது தன் வீடாக இருந்த இந்த மாளிகையிலும் இழைத்துக்கொண்டார். 1799-இல் பேரரசர் கண்ணை மூடியதும், அடுத்து வந்த பேரரசர் ஜியாசிங் ஹெஷென்மேல் சுமத்திய 20 குற்றங்களில் இந்த மரவேலையும் ஒன்று! இரண்டே வாரத்தில் ஹெஷெனின் உயிர் போனது. அந்தக் கூடத்தின் முன்னால் நிற்கவைத்து இதைச் சொன்னால் யார் மறப்பார்கள்? அதற்குப் பின்னால் 150 மீட்டருக்கும் நீளமான இரண்டு மாடிக் கட்டடம். அதன் பின்சுவரில் மேல்மாடிச் சன்னல்கள் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் செங்கல்லில் செதுக்கியிருப்பதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாளிகைக்குப் பெயர் தந்த கோங் இளவரசர் யீஷினைப் பற்றியும் பேசுங்கள். 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நெருங்கியபோது அண்ணன் பேரரசர் தலைநகரை விட்டுப் போய்விட, எதிரிகளோடு பேசி பெய்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்திடும் பொறுப்பு இந்தத் தம்பி தலையில்தான் விழுந்தது. மறு ஆண்டே வெளிநாட்டு விவகாரங்களுக்கென்று ஓர் அலுவலகமும் அமைத்தார்.

மன்னராட்சி போனபின் அவருடைய பேரன் சொத்தை அடகு வைத்தது, ஃபூ ஜென் பல்கலைக்கழகம் வாங்கிப் பெண்களைப் படிக்கவைத்தது, 1949-க்குப் பிறகு இசைக் கல்லூரியும் ஏ.சி. தொழிற்சாலையும்கூட இதே முற்றங்களில் இயங்கியது, எல்லோரையும் வெளியேற்றிச் சீரமைத்து 2008-இல்தான் மாளிகையை முழுசாகத் திறக்க முடிந்தது... இதையெல்லாம் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்?

பயணத் திட்டத்தில் இந்த இடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நேரம் போதாவிட்டால் கடையை எடுத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.